மன்னிப்புக்கு முன் உண்மை

1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் குடிமை உரிமைப் பேரணி சென்றவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. 13 பேர் அன்றே இறந்தனர். காயமடைந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். நீதிபதி விட்ஜெரி சில வாரங்களில் விசாரணையை முடித்து, பழியைப் பெரிதும் ராணுவத்தின் மேலிருந்து நீக்கினார். மாண்டவர்கள் மீது ஆயுதம் வைத்திருந்தார்கள் என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டது. மறுவிசாரணை கேட்ட குடும்பங்களின் குரலை அடுத்தடுத்த அரசுகள் கால் நூற்றாண்டு காலம் தட்டிக்கழித்தன.

பழையதைக் கிளறாமல் மன்னித்துவிடலாமே என்பார்கள். சமயங்கள் இதை ஏற்பதில்லை. கிறிஸ்தவத்தில் பாவ அறிக்கைக்குப் பின்பே மன்னிப்பு. யூத மரபில், சக மனிதனுக்குச் செய்த தீங்கை அவனிடமே போய்த் தீர்த்துக்கொள்ளாதவரை பாவநிவாரண நாளும் அதைப் போக்காது. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. அவருக்காக மறந்துவிட அரசுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

1998இல் பிரதமர் டோனி பிளேர் புதிய விசாரணைக்கு ஆணையிட்டார். நீதிபதி சாவில் தலைமையிலான அந்த விசாரணையின் அறிக்கை 2010 ஜூன் 15 அன்று வந்தது: சுடப்பட்டவர்களில் எவராலும் ராணுவத்துக்கு ஆபத்து இருக்கவில்லை. பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். டெரியின் கில்ட்ஹால் முன்பு, திரண்டிருந்த மக்கள் பார்க்க, விட்ஜெரி அறிக்கையின் பிரதி கிழிக்கப்பட்டது. தண்டனைக் கேள்வி மட்டும் தீரவில்லை. வழக்கை எதிர்கொண்ட முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் 2025இல் விடுதலையானார்.