சாக்கில் யாரை உட்கார வைப்பது?

வரலாற்றைச் சின்னப் பிள்ளைகள் நடித்துப் படிக்கட்டும் என்கிறார்கள். நல்லதுதான். சத்தாரா பள்ளியில் சிறுவன் அம்பேத்கர், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்தார். குழாயை அவர் தொடக்கூடாது. திறந்துவிட பியூன் இல்லாத நாளில் தண்ணியும் இல்லை. இதை எங்க பக்கத்து ஆரம்பப் பள்ளியில் நடித்தார்கள். சாக்கு விரித்ததும் வாத்தியார் கண் தேடியது சேரிப் பிள்ளையைத்தான்.

தெருவில் தினமும் படிக்கிற பாடத்துக்கு அவனுக்கு எதுக்கு ஒத்திகை? குழாயை மூடிய கையை அல்லவா ஊர்ப் பிள்ளைகள் நடித்துப் பார்க்கணும்? எட்டு வயசுப் பிள்ளையைக் கொடுமைக்காரனாக நிறுத்தலாமா என்று எனக்கும் தடுமாற்றம்தான். சாக்கில் முதலில் வாத்தியாரே உட்காரட்டும்.

அப்புறம் 1927 மார்ச் 20, மகாத் குளம். ஒரே குடம், ஒரே குவளை. எல்லாப் பிள்ளைகளும் மொண்டு குடிக்கட்டும். மறுநாள் எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறதென்று பார்ப்போம்.