நோயில்லாத கோழிக்கு எதற்கு மருந்து?

கொச்சி கலூரின் கறிக்கடைக் கூண்டுகளில் நிற்கும் கோழிகளில் பல, பல்லடம், நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் வளர்ந்து வாளையாறு எல்லையைத் தாண்டி வருபவை. பிறந்த ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ எடை. இந்த வேகத்துக்குத் துணையாகத்தான் நோயில்லாத கோழியின் தீவனத்திலும் ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீதத்தில் மருந்தின் எச்சம் இருந்தது. வேறெதற்கும் அடங்காத தொற்றுக்கு மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது.

ஆன்டிபயாட்டிக்கின் இடத்தை நிரப்ப இப்போது ஆய்வுக்கூடங்களில் முன்வைக்கப்படுபவை வெள்ளி, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றின் நானோ துகள்கள். கிருமியின் மேலுறையைச் சிதைப்பது, உள்ளே புகுந்து புரதங்களைக் குலைப்பது என்று ஒரே சமயத்தில் பல வழிகளில் தாக்குவதால் கிருமி எளிதில் தப்ப முடியாது என்பது நம்பிக்கை. ஆனால் 1970-களிலேயே அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு தீக்காயப் பிரிவில் வெள்ளி மருந்துக்கு மசியாத சால்மோனெல்லா பரவி உயிர்களைப் பறித்திருக்கிறது. தவிர, உலோகம் மக்கி மறையாது. எச்சத்தோடு வெளியேறி, கோழி எருவாக வயலுக்குப் போய், அங்கேயே தங்கும்.

பாதுகாப்புக் கணக்கோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. நோயே இல்லாத ஓர் உயிருக்குக் கொடுக்கும் மருந்து யாருக்கான மருந்து?

இதை யோசிக்க இரண்டு மரபுகள் உதவும். இஸ்லாமியச் சட்டத்தில் 'ஜல்லாலா' என்றொரு கருத்து உண்டு. அசுத்தம் தின்று வளர்ந்த பிராணியை அப்படியே அறுத்து உண்ணக் கூடாது; கட்டிவைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பிறகே அறுக்க வேண்டும். கோழிக்கு மூன்று நாள் என்பது பரவலான கணக்கு. உண்பவரின் தூய்மையை நினைத்து எழுந்த விதிதான். ஆனாலும் அது சொல்லும் பரிகாரத்தைப் பாருங்கள்: நல்ல தீனி, சில நாட்கள். இன்னொன்று கொச்சியிலேயே இருக்கிறது: மட்டாஞ்சேரி தர்மநாத் சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இடுகிறார்கள். அந்தத் தானியம் புறாவுக்காக மட்டுமே.

கறிக்கோழிக்கு மறுக்கப்படுவது இந்த இரண்டும்தான்: அதற்கான காலமும், அதன் நன்மைக்காகவே தரப்படும் ஒன்றும். நெரிசலான கொட்டகையைத் தாங்கவைக்கவும் வளர்ச்சியை முடுக்கவும் வந்தது ஆன்டிபயாட்டிக். அதே வேலைக்கு வெள்ளித் துகளை அமர்த்தினால் கோழியின் வாழ்வில் ஒரு சதுர அடியும் கூடாது. நோயுற்ற பறவையைக் குணமாக்க அது உதவுமானால் வரவேற்கலாம். நெரிசலுக்கு நீட்டிப்பு வாங்கித் தருமானால் அதை மருத்துவம் என்று ஏற்க முடியாது.

வேறு வழி இல்லாமலில்லை. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது. குடல் நோய் தலைதூக்கியபோது கொட்டகையின் சுத்தம், காற்றோட்டம், தீவனம் ஆகியவற்றைத் திருத்தினார்கள். இங்கே ஒப்பந்தப் பண்ணைக்காரரால் தனியாக அதைச் செய்துவிட முடியாது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருபவை. அவர் கைக்கு வருவது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக்கூலி. கொட்டகையில் கோழிகளைக் குறைத்தால் முதலில் குறைவது அந்தக் கூலி. அந்த இழப்பில் நிறுவனத்துக்கும், கலூரில் கோழி வாங்கிச் செல்பவருக்கும் பங்கு உண்டு.