கேட்டு வாங்கிய வரம்

செட்டிப்பூசத்தன்று பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படுகிறது. 1894 முதல் ஓடிவரும் ரதம் அது. 2017இலிருந்து இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வேலைச் சுமந்துகொண்டு அதே மலையை நோக்கிப் போகிறது. வழியெங்கும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைகிறது. உடைப்பவர்களில் சீனர்களும் நிறையப் பேர். மறுநாள் தைப்பூசம். அலகு குத்தியவர்களும் பால்குடம் எடுத்தவர்களும் காவடி தூக்கியவர்களும் 513 படிகளை ஏறுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கண்ணுக்கு முதலில் படுவது காவடிகளின் மேல் விரிந்து நிற்கும் மயிற்பீலி. அந்த மயில், முருகனின் வேலால் பிளக்கப்பட்ட அசுரன் சூரபன்மன். கொடியிலிருக்கும் சேவலும் அவனே. தேவர்களைச் சிறையிலிட்ட ஒருவனை, யாரை அழிக்க அன்னை வேல் தந்தாளோ அவனை, பக்தர்கள் பீலியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வில்லன் எதனால் மனத்தில் நிற்கிறான் என்ற கேள்வியை நாவலிலும் சினிமாவிலும் மட்டும் தேடுகிறவர்கள் ஒருமுறை இந்தப் படிக்கட்டின் கீழே நின்று பார்க்க வேண்டும். அங்கே அந்தக் கேள்வி சமயக் கேள்வியாகிவிடுகிறது: கடவுள் ஏன் பகைவனுக்கு வரம் கொடுத்தார், கொன்ற பிறகும் ஏன் அவனைத் தன்னருகில் வைத்துக்கொண்டார்?

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் சூரனை அறிமுகம் செய்யும் முறை கவனிக்கத்தக்கது. அவன் முதலில் கொலைகாரனாக வரவில்லை, தவம் செய்கிறவனாக வருகிறான். நெடுங்காலம் வேள்வி செய்தும் சிவபெருமான் வராததால் தன் உடம்பையே அறுத்து அறுத்துத் தீயிலிடுகிறான். தம்பியர் சிங்கமுகனும் தாரகனும் உடன் நிற்கிறார்கள். கடைசியில் ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் கிடைக்கிறது. அந்தக் கட்டத்தில் நிறுத்திப் படித்தால் அது ஓர் அடியாரின் கதை. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பியதற்கும் இவன் சதையை அறுத்து இட்டதற்கும் வெளித்தோற்றத்தில் என்ன வேறுபாடு? கேட்டது எது என்பதுதான் வேறுபாடு. கண்ணப்பர் எதையும் கேட்கவில்லை. சூரன் முடிவில்லாத ஆட்சியைக் கேட்டான். ஆனால் முடிவில்லாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை அசுரர்களுக்கு மட்டும் உரியதா? நோயில் படுத்தவர் கேட்பதும் பிள்ளைக்காக நேர்ந்துகொள்பவர் கேட்பதும் அதன் சிறு துண்டுகள்தாம். இரணியன் மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டுக்குள்ளும் வெளியிலும் சாவு வரக் கூடாது என்று ஒவ்வொரு வாசலாக அடைத்தானே, அதில் இருப்பது கொடுமையைவிட முதலில் அச்சம். நம் எல்லோருக்கும் தெரிந்த அச்சம்.

என் வாதம் இதுதான். நினைவில் தங்கும் வில்லன், கதைசொல்லியால் மன்றாட்டு கேட்கப்பட்டவன். அவனுடைய விருப்பத்தை ஒரு மனித விருப்பமாக மதித்து, அதற்கு உண்மையான வலிமையைக் கொடுத்து, அதன் முழு விளைவையும் அவனே அனுபவிக்கவிடுகிற கதையில்தான் அவன் நிற்கிறான். வரம் என்பது புராணக் கற்பனை என்று ஒதுக்கிவிடக் கூடாது. எதிரியும் பேச வேண்டும், அவன் பேச்சும் கேட்கப்பட வேண்டும் என்ற ஒப்பந்தம் அதற்குள் இருக்கிறது. கந்தபுராணப் போரில் ஆயிரமாயிரம் அசுரர்கள் மடிகிறார்கள். நாம் பெயர் சொல்லி நினைப்பது விரல்விட்டு எண்ணத்தக்க சிலரை. தொட்டிலில் கிடந்தபோது தன்மேல் சுட்ட சூரியனையே பிடித்துக் கட்டிய சூரனின் மகன் பானுகோபன், அண்ணனின் தவறைத் தெரிந்து எடுத்துச் சொல்லிவிட்டு, அது எடுபடாதபோது அவனுக்காகவே களத்தில் இறங்கிய சிங்கமுகன். இவர்களுக்கெல்லாம் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஏதோ ஒன்று இருந்தது.

இந்த ஒப்பந்தம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு மலாய் மண்ணிலேயே சான்று இருக்கிறது. இராமகாதை இங்கே 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா' ஆனபோது அதைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் முஸ்லிம்கள். பிரமனையும் சிவனையும் அவர்களால் அப்படியே வைத்திருக்க முடியாது. அந்தக் கதையில் இராவணன் செரெண்டிப் மலையில் தலைகீழாகக் கடுந்தவம் செய்கிறான். அங்கே வரும் நபி ஆதம் அவனுக்காக இறைவனிடம் பேசுகிறார். நீதியோடு ஆள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அரசுகள் அவனுக்குக் கிடைக்கின்றன. வரம் கொடுப்பவர் மாறிவிட்டார், வழி மாறிவிட்டது, வரம் மட்டும் மாறவில்லை. அதை எடுத்துவிட்டால் இராவணன் வெறும் திருடனாகிவிடுவான் என்பது அந்தக் கதைசொல்லிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்குக் கதை கடக்கும்போது எது கைவிடப்படவில்லையோ அதுவே கதையின் எலும்பு என்று கொள்ளலாம்.

வெகுசன நாவலுக்கு வருவோம். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்களாக உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்கிறது. வரலாறு தந்த குற்றவாளிகள் இவர்கள். ஆனால் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களிடம் கேளுங்கள். சோமனையும் பரமேசுவரனையும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? நந்தினியை மறந்தவர் இருக்க மாட்டார். அவளோ கல்கியின் கற்பனை. கல்வெட்டில் இருப்பவர்களை விஞ்சி, அதில் இல்லாத ஒருத்தி நிற்பதற்குக் காரணம், கல்கி அவளை ஒரு மறுக்கப்பட்ட மன்றாட்டிலிருந்து எழுப்பியதுதான். காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனின் உயிரை அவள் கரிகாலனிடம் கையேந்திக் கேட்டாள், அவன் தரவில்லை. வரம் பெற்ற அசுரனின் கதையைத் திருப்பிப் போட்டால் வருவது இதுதான். இங்கே கேட்டது கிடைக்கவில்லை, அந்த இல்லாமையே அவளுக்கு வலிமையாகிவிட்டது. 'சிவகாமியின் சபத'த்து நாகநந்தியும் அப்படியே. அவன் நஞ்சைவிட நமக்கு நினைவிருப்பது அஜந்தா வண்ணத்தின் மேலும் சிவகாமியின் ஆடலின் மேலும் அவனுக்கிருந்த தீராத வேட்கை. அழகை விரும்புவது குற்றமில்லை. அந்த விருப்பம் ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதில்தான் நடுக்கம் இருக்கிறது.

இதை மறுப்பவர்கள், வில்லன் நிற்பது நடிப்பாலும் குரலாலும் என்பார்கள். பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பும் எம். என். நம்பியார் கைகளைப் பிசையும் விதமும் அவர்களுக்குச் சான்று. இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிரிப்பை நினைக்கும்போது நமக்கு வருவது வீரப்பாவின் பெயர், பாத்திரத்தின் பெயரன்று. நம்பியார் ஏற்ற எத்தனையோ தளபதிகளும் திவான்களும் பெயரின்றிக் கரைந்துபோனார்கள். நம்பியார் மட்டும் நின்றார். 'படையப்பா'வின் நீலாம்பரியோ தன் பெயரிலேயே நிற்கிறாள், ஏனென்றால் அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது, அது அவள் வாழ்க்கையையே தின்றது. கலைஞன் நினைவில் இருப்பது வேறு, பகைவன் நினைவில் இருப்பது வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் கூடிவரும்போது நமக்குக் குழப்பம் வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு கனமானது. அதற்குப் பினாங்கிலும் வேர் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது முதலில் கால்வைத்தது இந்தத் தீவில்தான். அவர் வழிவந்த சிந்தனை கேட்கும் கேள்வி நேரானது: யார் வில்லன் என்று சொன்னது யார்? வென்றவன் கதை எழுதினால் தோற்றவன் அரக்கனாகத்தானே தெரிவான்? புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார், 1948இல் அது தடை செய்யப்பட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரு மக்கள் கூட்டத்தையே அரக்கராக எழுதும் பழக்கம் உலகெங்கும் ரத்தம் சிந்த வைத்திருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இராவணனை மீட்டெடுக்க முடிந்ததே கம்பன் அவனுக்கு ஏற்கெனவே கம்பீரத்தையும் இசையறிவையும் சிவபக்தியையும் கொடுத்திருந்ததால்தான். மன்றாட்டு பதிவான பகைவனுக்குத்தான் மேல்முறையீடு உண்டு. எந்த வேண்டுதலும் எழுதப்படாத அடியாள் ஒருவனுக்காக யாரும் இதுவரை காவியம் பாடவில்லை.

வேறு சிலர் அஞ்சுவது, பகைவனை இப்படிப் பெரிதாக்கினால் அவனால் துன்பப்பட்டவர்கள் மறந்துபோவார்கள் என்று. இந்த அச்சத்துக்குப் பதில் இல்லாமல் என் வாதம் நிற்காது. இன்றைய தொடர்களிலும் படங்களிலும் அது பெரிதும் உண்மை. வில்லனுக்கு ஒரு சோகமான பிள்ளைப்பருவத்தைக் கொடுத்து, அதைக் கொண்டே அவன் செய்ததை எல்லாம் கழுவிவிடுகிறார்கள். அதனால் துன்பப்பட்டவனுக்கும் அநீதி, வில்லனுக்கும் அவமானம். அவன் செய்தது அவன் செயலே இல்லை என்று ஆகிவிடுகிறதே. கச்சியப்பர் அப்படிச் செய்யவில்லை. சூரனின் தாய் மாயை தன் மக்களை ஒரு நோக்கத்துக்காகவே பெற்று வளர்த்தாள் என்பதை அவர் மறைக்கவில்லை, ஆனால் அதைச் சூரனுக்கு மன்னிப்புச் சீட்டாகவும் தரவில்லை. முருகனின் தூதனாகப் போகும் வீரவாகு சூரனின் அவைக்குப் போகும் முன் சிறையில் கிடக்கும் இந்திரன் மகன் சயந்தனைப் பார்க்கிறான். துன்பப்பட்டவனின் குரலைக் கேட்ட பிறகே துன்பம் கொடுத்தவனின் குரலுக்குக் கதை நகர்கிறது. இருவர் முறையீடும் பதிவாகிறது. போர் நிற்கவில்லை, மாமரமாகி நின்ற சூரனை வேல் பிளக்கத்தான் செய்கிறது.

சைவ சித்தாந்திகள் இதைத் தத்துவமாகப் படிப்பார்கள்: சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை. அழகான பொருத்தம்தான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் சூரன் ஒரு கலைச்சொல்லாகச் சுருங்கிவிடுவான். அதைவிடக் கூர்மையான இடம் வேறொன்று. ஆணவம் செம்பில் களிம்பு போல ஆன்மாவோடு அநாதியாக ஒட்டியது என்கிறது சித்தாந்தம். முத்தியிலும் அது இல்லாமல் போவதில்லை, அதன் வலிமை மட்டுமே அடங்குகிறது. அப்படியானால் பகைவனை இல்லாமல் ஆக்குவது என்ற முடிவே இந்த நெறியில் கிடையாது. மில்டன் 1667இல் வெளியிட்ட காவியத்தில் சாத்தானுக்குக் கம்பீரம் குறைவில்லை, ஆனால் அவனுக்குத் திரும்பி வரும் வழி இல்லை. இங்கே பகைவன் ஊர்தியாகிறான். இது தமிழுக்கு மட்டும் உரியதும் இல்லை. குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் குவான் யின் கோயில். 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலில் தீயை உமிழ்ந்து துறவியைப் பிடித்துத் தின்னப் பார்த்த செம்பாலன், குவான் யின்னிடம் தோற்று அவளுடைய ஏவலனாகிறான். சிலைகளில் அவள் அருகே கைகூப்பி நிற்கும் சிறுவனை அவனென்றே மக்கள் சொல்கிறார்கள். செட்டிப்பூசத்தன்று தேங்காய் உடைக்க வரும் சீனர் ஒருவருக்கு மயிலின் கதையைப் புரியவைக்க அதிக நேரம் பிடிக்காது.

கந்தபுராணத்தில் எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் இடம் போரின் நடுவே வருகிறது. முருகன் பேருருவம் காட்டுகிறான். பாலன் என்று இகழ்ந்த சூரன் வியந்து நிற்கிறான். வணங்க வேண்டும் என்றுகூட நெஞ்சு சொல்கிறது, மானம் தடுக்கிறது. பிறகு முருகன் அந்த உருவத்தையும் அது தந்த தெளிவையும் விலக்கிக்கொள்ள, சூரன் மறுபடி பகைவனாகிப் போருக்கு எழுகிறான். இது நியாயமா? திருந்தவிருந்தவனைக் கடவுளே தடுத்தாரா? மறைத்தலும் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று, மலம் பழுக்கும் வரை அது அருளின் வேறு முகம் என்பது சித்தாந்தத்தின் விடை. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. பேரொளியைக் கண்டு மயங்கிப் பணிந்திருந்தால் அது பணிவே ஆகாது, தோல்வி மட்டுமே. அவன் தன் விருப்பத்தோடு இறுதிவரை போக விடப்பட்டான். ஒரு கதை தன் பகைவனுக்குத் தரக்கூடிய மிக உயர்ந்த மதிப்பு அது. அந்தச் சில நொடித் தயக்கம் இல்லாவிட்டால் சூரன் நம்மோடு இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்திருக்க மாட்டான்.

அவனோடு இன்னொருவனும் வந்தான். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளை அகத்தியருக்காகக் காவடியாகக் கட்டிச் சுமந்த இடும்பன், சூரன் போரில் பிழைத்த அசுரன். பழனியில் வைத்த குன்றைத் திரும்பத் தூக்க முடியாமல், அதன்மேல் சிறுவனாக நின்ற முருகனை எதிர்த்துச் சண்டையிட்டு மாண்டான். மனைவியும் அகத்தியரும் வேண்ட, உயிர் பெற்று எழுந்தான். எழுந்தவன் ஒன்று கேட்டான்: தன்னைப் போலக் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு அருள் கிடைக்க வேண்டும். பழனியில் மலையேறும் வழியில் அவனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. தண்ணீர்மலையில் விடியற்காலையிலிருந்து 513 படிகளில் ஏறுகிற ஒவ்வொரு காவடியும் அந்த அசுரன் கேட்டு வாங்கிய வரத்தின் பேரில்தான் மேலே போகிறது.