மறைபடைக்கலமும் முதுமையின் பொறுப்பும்

முதியவர் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துச் செல்வது முறையாகுமா என்னும் வினா, ஐக்கிய அமெரிக்காவில் அன்றாட வாழ்வோடு தொடர்புடையதாகும். படைக்கலம் வைத்திருக்கும் உரிமை அந்நாட்டின் அரசியலமைப்பில் 1791இல் இடம்பெற்றது. பொது இடங்களில் கைத்துப்பாக்கியை உடன்கொண்டு செல்வதும் அவ்வுரிமையுள் அடங்குமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. உரிமை உண்டென்பது தெளிவு. ஆயின், ஏந்தும் கை அதற்கு இன்னும் தகுதியுடையதா என்பதை ஏந்துபவரே முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி தவிர்க்கவியலாததாகும் இடம், துப்பாக்கிக்குரிய உறையைத் தெரிவுசெய்யும் வேளையாகும். விசையை முற்றாக மூடுதலும், நடக்கையிலும் குனிகையிலும் துப்பாக்கியை நழுவவிடாது பற்றியிருத்தலும் உறையின் தலையாய பணிகள். பழகித் தளர்ந்த தோலுறையின் விளிம்பு மடிந்து விசையிற் சிக்கினால், துப்பாக்கியை உறையிலிடும்போதே வெடி தீரக்கூடும். வார்த்தெடுத்த வன்பிளாத்திக்கு உறை அவ்வாறு மடியாது. எனினும் மெலிந்த உடலை உறுத்தும். இடுப்பின் பின்புறத்தே அணிந்தால் தோள்மூட்டு பின்னோக்கித் திரும்பவேண்டும்; தவறி வீழ்ந்தால் முள்ளந்தண்டுக்கும் ஊறு நேரலாம். கணுக்காலில் அணிந்தால் விரைந்து குனியவேண்டும். இறுகப் பற்றும் உறை மூட்டுவாதமுற்ற விரல்களுக்கு இணங்காது. தளர்ந்த உறையோ பிறர் பறிப்பதற்கு இடங்கொடுக்கும். எனவே, உறையைத் தெரிதல் தம் உடலை உள்ளவாறு அறிதலாகும். இருபது ஆண்டுகளுக்கு முன்னிருந்த உடலுக்கு உறை தேடுபவர் தம்மை ஏமாற்றுகின்றார். அதன் விலையை வழிப்போக்கர் ஒருவர் செலுத்த நேரலாம்.

உடல் தளர்ந்தவருக்கன்றோ பாதுகாப்பு மிகுதியும் வேண்டும் என்பர் சிலர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஓடவும் எதிர்க்கவும் இயலாதவரை வெறுங்கையுடன் நிற்குமாறு அறிவுறுத்துவது பிறர்க்கு எளிது. ஆயினும், தேவை மிகுவதனால் ஆற்றல் மிகுந்துவிடாது. ஆபத்து எப்போதும் புறத்திருந்து வருவதுமில்லை. அந்நாட்டில் தற்கொலை வீதம் மிக உயர்ந்திருப்பது 75 வயதும் அதற்கு மேலுமுள்ள ஆண்களிடையேயாகும். அங்கு நிகழும் தற்கொலைகளுட் பாதிக்கு மேற்பட்டவை துப்பாக்கியால் நேர்பவை. தனிமையும் துயரும் சூழ்ந்த வேளையில், காக்கவென ஏந்திய கையே ஏந்தியவருக்குப் பகையாகலாம்.

வெளிப்படையாக ஏந்திய படையைக் கண்டோர் விலகலாம், வினவலாம். மறைத்ததைக் குறித்து வினவுவதற்கு மனச்சான்றன்றி வேறு எவருமில்லை. அம்மனச்சான்றுக்குத் துணைநிற்கும் நினைவும் நிதானமும் முதுமையில் தளரக்கூடும். ஆதலின், தெளிவுள்ள காலத்திலேயே, 'இனிப் போதும்' என்று கூறும் உரிமையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்தல் பொறுப்புணர்வின் பாற்படும். குண்டுகளை நீக்கிய துப்பாக்கியோடு, வழக்கமாக அணியும் ஆடையிலேயே பலமுறை பயின்றும் எந்த உறையும் கைக்கு இணங்கவில்லையெனின், குறை உறையிலன்று. அந்நிலையிற் படையைக் கைவிடுதல் கோழைமையாகாது. தன் எல்லையை அறிந்தவர் பிறருக்குச் செய்யும் கடமையே அது.