யாருடைய அணி?

2024 செப்டம்பர் 26 அன்று, கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி தன் கடைசி உள்ளூர் ஆட்டத்தை ஆடியது. 46,889 பேர் வந்திருந்தார்கள். டெக்ஸஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தும் பலர் அழுதார்கள். உரிமையாளர் அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோகிறார். அங்கே மைதானம் தயாராகும்வரை சாக்ரமெண்டோ பக்கத்தில் ஆட்டம். 1968இல் தொடங்கிய உறவு அன்றோடு முடிந்தது.

"ஒரு கம்பெனி ஊர் மாத்துது, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருபது முப்பது வருடம் ஒரே அணியைப் பற்றிப் பேசி, எழுதி, அதன் ஒவ்வொரு தோல்விக்கும் தூக்கம் கெட்டவர் உண்மையில் எதற்கு விசுவாசமாக இருந்தார்?

ஆட்டக்காரர்களுக்கா? 1972, 73, 74 என மூன்று வருடம் தொடர்ந்து உலகத் தொடரை வென்ற அணியின் நட்சத்திரம் ரெஜி ஜாக்சன், பிறகு யாங்கீஸ் சட்டையில் ஹீரோவானார். 2002இல் தொடர்ந்து 20 ஆட்டங்களை ஜெயித்த அணியும் சில வருடங்களில் கலைந்துபோனது. ஆட்கள் மாறினார்கள், ரசிகர் மாறவில்லை. மிஞ்சியது பெயரும் பச்சைச் சட்டையும். சட்டப்படி அவையும் உரிமையாளருடையவை.

அப்படியானால் ரசிகர் வெறும் வாடிக்கையாளரா? கடையில் சரக்கு மோசமானால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஓக்லண்டில் நடந்தது வேறு. 2023இல் அணி படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது, இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஜூன் 13 அன்று ரசிகர்களே கூடிப் பேசி, 27,759 பேராக வந்து உட்கார்ந்தார்கள். பச்சைச் சட்டைகளில் 'விற்றுவிடு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது உரிமையாளருக்கு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, காசு வாங்குபவரையே எதிர்த்தார்கள். வராமல் இருப்பது சுலபம். ஆனால் வந்தால்தான் "நாங்க இங்கதான் இருக்கோம்" என்று காட்ட முடியும்.

இந்தக் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. அத்லெட்டிக்ஸ் ஓக்லண்டில் பிறந்த அணி அல்ல. 1901இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி, 1955இல் கான்சஸ் சிட்டிக்குப் போய், அங்கிருந்துதான் ஓக்லண்டுக்கு வந்தது. ஒரு ஊர் 1967இல் இழந்ததுதான் இன்னொரு ஊரின் ஐம்பது வருட சந்தோஷம். அப்போது ஓக்லண்டில் யார் கான்சஸ் சிட்டிக்காக அழுதிருப்பார்கள்?

இதனால் ஓக்லண்டின் துக்கம் பொய்யாகிவிடாது. ஆனால் 'எங்கள் அணி' என்ற சொல்லுக்குள் சொத்துரிமை இல்லை என்பது தெரிகிறது. இருப்பது, சேர்ந்து பார்த்தவர்களின் நினைவு மட்டும். அதை லாரியில் ஏற்ற முடியாது. அணியைப் பின்தொடர்ந்து வேகஸ்வரை போகும் கடமையும் ரசிகருக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி, தன் ஊருக்குச் சங்கடமான கான்சஸ் சிட்டி அத்தியாயத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நீண்டகால ரசிகரின் விசுவாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாளை லாஸ் வேகஸில் ஒரு குழந்தை இதே பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு "இது நம்ம டீம்" என்று சொல்லும். அந்தக் குழந்தைமேல் கோபப்பட ஓக்லண்ட்காரருக்குக் காரணமில்லை. 1968இல் அவர் ஊர்க் குழந்தைகளும் அதையேதான் சொன்னார்கள்.