பயனின்றிக் கலக்கிய காற்று

பெங்களூருவில் பதிவான ஒரு காரில், எஞ்சினின் கழிவு வாயுவால் சுழன்று அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவைப் பின்னாளில் பொருத்துவது, தன் உடைமைமீது ஒருவருக்குள்ள உரிமை எதுவரை செல்லும் என்ற பழைய வினாவை எழுப்புகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

ஆயினும் பெட்ரோல் காரின் மாசுச் சோதனை, வண்டி நின்றபடி எஞ்சின் சுமையின்றி ஓடுகையில் நடப்பதால், டர்போ முழு அழுத்தத்தை எட்டி, எரிபொருள் மிகையாகப் பாய்ந்து, கார்பன் மோனாக்சைடு பெருகும் நிலை சோதனைக் கருவிக்குத் தெரிவதேயில்லை. அச்சோதனை தரும் சான்றிதழ் பொய்யன்று, அது கேட்கும் கேள்வி சிறியது.

கர்நாடகத்தில் சிரவணபெளகொளாவில் ஆழ வேரூன்றிய சமணம், காற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டெனக் கொள்வதால், பெரிய கேள்வியைக் கேட்கிறது. இல்லறத்தாருக்கு முழு அகிம்சை இயலாதென ஏற்கும் அச்சமயம், பயனற்ற தீங்கை விலக்கும் அனர்த்ததண்ட விரதத்தை அவர்களுக்கு வகுத்தது. தமிழில் அருங்கலச்செப்பாக வடிவெடுத்த சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வீணே கலக்குவதையும் அத்தீங்கில் சேர்க்கிறது. வேக இன்பமும் ஒரு பயனே என வாதிடலாம்தான். ஆனால் பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அவ்வாதம் எளிதில் நிற்பதில்லை.