பசித்தவனுக்கு எதற்குப் பரிணாமம்?

'பசிச்சவனுக்கு எதுக்குடா பரிணாமம்?' இந்தக் கேள்வியை இரண்டு தரப்பார் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்குச் சேர வரும் நம் பிள்ளையைப் பார்த்துப் பேராசிரியர் கேட்கிறார்: 'உனக்கு ஏம்ப்பா இவ்ளோ பெரிய விஷயம், இறால் தீவனத்துல எதனா பண்ணு, சீக்கிரம் முடிச்சிட்டு வேலைக்குப் போ.' நம் தோழர்களும் கேட்கிறார்கள்: 'பஞ்சமி நிலம் இன்னும் வரல, வன்கொடுமை வழக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, நீ டார்வினப் படிச்சி என்ன கிழிக்கப் போற?' முதல் கேள்வியில் இருப்பது இளக்காரம். இரண்டாவதில் இருப்பது அவசரம். இளக்காரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை. அவசரத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

பரிணாம மருத்துவம் என்பது என்ன? காய்ச்சல் ஏன் வந்தது என்றால் கிருமி என்பார் மருத்துவர். கிருமி வந்தால் உடம்பு ஏன் சுட வேண்டும், அந்தச் சூடு கோளாறா இல்லை உடம்பு நடத்தும் எதிர்ப்பா, நோய்க்கு இடம் கொடுக்கும்படி இந்த உடம்பு ஏன் அமைந்தது என்று அதற்கு மேலும் கேட்பது இந்தத் துறை. 1991ல் ராண்டால்ப் நெஸ்ஸே, ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து இது தனித் துறையாகப் பேசப்படுகிறது. இதிலிருந்து நாளைக்கே மாத்திரை வராது. அதனால் மருந்துக் கம்பெனி காசு போடாது. மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் நடுவில் நிற்பதால் இரண்டு பக்கத்து நிதியும் 'அந்தப் பக்கம் போய்க் கேள்' என்று கையைக் காட்டும். கையில் காசுள்ளவன் காத்திருப்பான். சேரிப் பிள்ளை என்ன செய்யும்?

டார்வினுக்கு 1838 வாக்கிலேயே யோசனை பிடிபட்டுவிட்டது. புத்தகம் வந்தது 1859ல். இருபது வருசம் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க அவருக்கு அப்பன் சொத்து இருந்தது. அதே உண்மையைத் தனியாகக் கண்டுபிடித்த வாலஸ், பறவையும் வண்டும் பிடித்து விற்றுத்தான் காடு காடாக அலைந்தார். அறிவுக்குச் சாதியில்லை, வர்க்கமில்லை என்பவர்கள் இந்த இரண்டு பேரின் கணக்கு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அது பதிவானது அப்போதுதான். இரண்டு வருசம் கழித்து, 1954ல், ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த ஆலிசன் அதற்குக் காரணம் சொன்னார்: அந்த மரபணு ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காக்கும், இரண்டு பக்கமும் வந்தால் நோயாகும். பரிணாம மருத்துவத்தின் அரிச்சுவடியே இந்தப் பாடம்தான். அந்தப் பாடத்துக்கு நம் மலையின் ரத்தமும் போயிருக்கிறது. ரத்தம் கொடுத்த குடிசையிலிருந்து ஒரு பிள்ளை கிளம்பி வந்து, அந்தக் கட்டுரையைப் படித்து, 'இதில் நீ கேட்காமல் விட்டது என்ன?' என்று கேட்க எத்தனை தலைமுறை ஆகிறது? நாம் எப்போதும் மாதிரி எடுக்கப்படுகிற உடம்பு. ஊசியைப் பிடிக்கிற கை வேறு எவனுடையதோ.

கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1913ல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை கொடுத்து அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பத்து வருசம் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காசில் படித்த இருபத்தைந்து வயசுப் பையன் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தான். அகமணம்தான் சாதியின் உயிர் என்றான். (அதே 1916ல்தான் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.)

ஏறக்குறைய நூறு வருசம் கழித்து மரபணுக்காரர்கள் அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அப்புறம்தான் கதவு சாத்தப்பட்டது என்று 2013ல் சொன்னார்கள். 2017ல் வந்த இன்னோர் ஆய்வு தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட குழுக்களைச் சோதித்தது. ஒரு சில மூதாதையரிடமிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணந்துகொண்டதன் தடம் 81 குழுக்களில் மிக அழுத்தமாக இருந்தது. இப்படிப்பட்ட குழுக்களில் அரிய பரம்பரை நோய்கள் குவிகின்றன. அறுவைசிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சாதாரண மருந்தே ஒரு வணிகச் சாதியில் சிலருக்கு ஆபத்தாகிறது. சுத்த ரத்தம் என்று பீற்றிக்கொண்டதற்கு உடம்பு அனுப்பிய பில் இது. 'சாதி மரபணுவிலேயே இருக்கு பாத்தியா' என்று இதைத் திருப்பிப் பேச ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்த மேசையில் நம் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. புனே பக்கத்து ஆறு கிராமங்களில் 1993லிருந்து யாஜ்னிக் குழுவினர் தாய்களையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்தார்கள். அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் மெலிந்த நம் குழந்தையின் உடம்பில் கொழுப்பு மட்டும் அந்த அளவு குறையவில்லை. பின்னால் சர்க்கரை நோய்க்கு இது வழி விடுகிறது என்கிறார்கள். இதற்குக் காரணம் என்ன? பஞ்சத்தைத் தாங்கப் பழகிய சிக்கன மரபணு என்று 1962ல் நீல் சொன்னது ஒரு விளக்கம். கருவில் இருக்கும்போது தாய்க்குச் சோறில்லை என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது சரியென்றால் விதி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவது சரியென்றால் நிறைமாசத்தோடு நடவு நட்ட என் அம்மாவின் கூலியைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் அளந்தானே, அந்த அளவு யாருடைய பேரப் பிள்ளைகளின் உடம்பில் இன்னும் பாக்கி இருக்கிறது? இதைக் கேட்கிறவன் கடலூர், சிதம்பரம் சேரிகளிலிருந்துதான் வர வேண்டும். கூலிப் போராட்டமும் பரிணாம ஆய்வும் ஒரே வயலில் நிற்பதைத் தோழர்கள் பார்க்கட்டும்.

சரி, காசு? 2005-06ல் தலித், பழங்குடி ஆய்வு மாணவர்களுக்கென்று ராஜீவ் காந்தி பெயரில் உதவித்தொகை வந்தது. பிறகு பெயர் மாறியது. தலித்துகளுக்கு இப்போது வருசத்துக்கு 2000 பேர், நாடு முழுக்க, எல்லாத் துறைக்கும் சேர்த்து. 2023 சனவரியிலிருந்து முதல் இரண்டு வருசம் மாதம் 37,000, அப்புறம் 42,000. தாளில் நல்ல தொகைதான். ஆனால் மாதாமாதம் வந்தால்தானே அது மாதத் தொகை? நான் தேவனாம்பட்டினம் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு வேறோர் இடத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தேன். ஒன்பது மாதம் பணம் வரவில்லை. விடுதி மெஸ் பாக்கிப் பட்டியலில் என் பெயர் சுவரில் தொங்கியது. பக்கத்து மேசைக்காரனுக்கும் வரவில்லை, ஆனால் அவன் அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் போதும். ஒரே தாமதம் ஒருவனுக்கு எரிச்சல், இன்னொருவனுக்குப் படிப்பே முடிந்துபோகிற சங்கதி.

ஐதராபாத்தில் 2016 சனவரி 17 அன்று ரோகித் வெமுலா இறந்தபோது ஏழு மாத உதவித்தொகை, ஒன்றேமுக்கால் லட்சம், பாக்கி. கடைசிக் கடிதத்தில் அதை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி, அதில் நாற்பதாயிரத்தை நண்பனின் கடனுக்கு எடுத்துவைத்தான். நட்சத்திரங்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டவன் கடைசியாக எழுத வேண்டியிருந்தது இந்தக் கணக்கை.

வெளிநாட்டுப் படிப்புக்கான மத்திய உதவித்தொகைக்கு 2022ல் ஒரு விதி போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குக் காசு கிடையாது. இந்த விதி 1913ல் இருந்திருந்தால் 1916ன் அந்தக் கட்டுரை இல்லை. அகமணத்தையும் நோயையும் சேர்த்து ஆராய நினைக்கும் மாணவி இன்று எந்தப் பெட்டியில் டிக் அடிப்பாள்?

உதவித்தொகை என்ற சொல்லிலேயே 'உதவி' உட்கார்ந்திருக்கிறது. உதவி என்றால் கொடுக்கிறவன் கை மேலே. பரோடா பணம் 1917ல் நின்றதும் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். படிக்கக் காசு கொடுத்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து துரத்தினார்கள். 1920ல் சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகராஜ் கொடுத்தது, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய ஐயாயிரம் கடன் எல்லாம் சேர்த்துத்தான் மறுபடி கப்பலேறினார்.

ஆகவே இது உதவியல்ல, பாக்கி. தலைமுறை தலைமுறையாக நம்மிடமிருந்து எடுத்த உழைப்புக்கும் ரத்தத்துக்கும் வர வேண்டிய பாக்கி. பாக்கியை வாங்குகிறவன் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. 'உங்க ஜனத்தைப் பத்தி மட்டும் ஆராய்ச்சி பண்ணு' என்ற கட்டளைக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. வண்டின் சிறகைப் பற்றி அஞ்சு வருசம் யோசிக்கிற உரிமையும் இதில் சேர்த்தி. ஆனால் அவனுக்கும் ஒரு கடன் உண்டு, அரசாங்கத்துக்கல்ல. எந்தச் சேரியில் ரத்தம் எடுத்தானோ அங்கே போய், கண்டுபிடித்ததை அவர்கள் பேசும் தமிழில் சொல்ல வேண்டும். மறுத்துக் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும்.

சிதம்பரம் பக்கத்து மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். இறால் கம்பெனி வேலை கையில் இருக்கிறது, ஆய்வுக்கு இடமும் கிடைத்திருக்கிறது, பணம் எப்போது வரும் என்று தெரியாது. 'போ' என்று தைரியமாகச் சொல்ல நம் இயக்கங்களிடம் ஆறு மாதச் சோத்துக்கு ஒரு நிதி இருக்கிறதா? வழக்கு நிதி வைத்திருக்கிறோம், மாநாட்டு நிதி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்கிறவளுக்கு ஒரு நிதி ஏன் இல்லை? பசித்தவனுக்குத்தான் பரிணாமம் வேண்டும். பசி உடம்பை என்ன செய்தது என்று அவனுக்குத்தான் தெரிந்தாக வேண்டும்.